முதுகு வலி, முழங்கால் தேய்மானம்: சின்ன மலை நடைக்கு எந்த ட்ரெக்கிங் போல் வாங்கலாம்?

கம்பம்மெட்டு

வணக்கம். எனக்கு இடுப்பில் எல்4-எல்5 டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருப்பது) கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. காலுக்கு இறங்கும் வலி இப்போது இல்லை, ஆனால் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் நின்றால் முதுகு இறுகிவிடும். வீட்டுக்காரம்மாவுக்கு வலது முழங்காலில் தேய்மானம். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், பைபாஸ் ஓரமாக லாரிப் புகையில் நடப்பதற்குப் பேசாமல் மலைக்குப் போய் நடக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை, கேரளாவில் இடுக்கிப் பக்கம்தான். ராமக்கல்மேடு, வாகமண் மொட்டைக்குன்று, பருந்தும்பாறை, தேக்கடியில் வனத்துறை கூட்டிப்போகும் சின்ன நடை, அவ்வளவுதான்.

ட்ரெக்கிங் போல், அதாவது மலையில் ஊன்றி நடக்கும் கம்பு, வாங்கலாமா, வாங்கினால் எது? இணையத்தில் சில நூறு ரூபாயிலிருந்து பத்தாயிரத்துக்கு மேல் வரை கிடக்கிறது, எதற்கு இவ்வளவு வித்தியாசம் என்றே புரியவில்லை. ஒரு ஜோடி வாங்கி ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டால் போதுமா? கார்பனா அலுமினியமா? உள்ளே ஸ்பிரிங் வைத்தது முதுகுக்கு நல்லது என்று கடைக்காரர் சொல்கிறார், அது நிஜமா?

ஏலக்காடு

அண்ணே, வண்டன்மேட்டிலிருந்து எழுதுகிறேன். தோட்டத்தில் எத்தனையோ வருடமாகக் காட்டுக்கம்பை ஊன்றித்தான் ஏறி இறங்குகிறோம். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் மூங்கில் தடி விற்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு ஏழு மலையும் போய் வருகிறது சனம். இதற்குப் போய் ஆயிரக்கணக்கில் செலவா? மூங்கிலை நல்லதாகப் பார்த்து வெட்டி, அடியில் நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பர் புஷ் ஒன்றை மாட்டினால் வேலை முடிந்தது.

கொழிஞ்சாம்பாறை

மூங்கில் தடியை மட்டமாகச் சொல்ல மாட்டேன். அதில் ஒரு வசதி உண்டு, நெஞ்சு உயரத்துக்கு இருப்பதால் ஏறும்போது கீழே பிடிக்கலாம், இறங்கும்போது மேலே பிடிக்கலாம், எந்தப் பூட்டையும் தளர்த்தி இறுக்க வேண்டாம். ஆனால் அதில் மணிக்கட்டில் மாட்டும் கைப்பட்டை கிடையாது, எடையும் கூடுதல், முழுக்க விரல் பிடியிலேயே நிற்க வேண்டும். ஒரு நாள் பக்திக்கு அது சரி. வாராவாரம் நடக்கப் போகிறவருக்கு, அதுவும் முதுகுக்காரருக்கு, கனமான தடியைத் தூக்கித் தூக்கி வைப்பதே ஒரு வேலையாகிவிடும். பஸ்ஸிலும் ஏற்ற முடியாது. குமுளி பஸ்ஸில் அவ்வளவு நீள மூங்கிலோடு ஏறிப் பாருங்கள், கண்டக்டர் என்ன பேசுவார் என்று தெரியும்.

எடுத்தவுடன் என் சிபாரிசு: கார்பன், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று துண்டு, நெம்புப் பூட்டு (நெம்பை மடக்கி நீளத்தைப் பூட்டுவது), கார்க் பிடி. ஒரு முறை செலவு, பத்து வருடம் நிம்மதி.

வட்டவடை_பூண்டு

கார்பன் என்று உடனே சொல்லாதீர்கள் அண்ணே. நான் டூரிஸ்ட்டுகளைக் கூட்டிப்போகிறவன். பாறை இடுக்கில் நுனி மாட்டிக்கொள்ளும், ஆள் அதைக் கவனிக்காமல் முன்னால் போய்விடுவார், கார்பன் என்றால் படீர் என்று இரண்டாகிவிடும். அலுமினியம் வளையும். வளைந்ததை முட்டியில் வைத்து மெல்ல நிமிர்த்திக்கொண்டாவது ஊர் வந்து சேரலாம். நம் பக்கத்து நடைகளில் பாதி பாறைதான்.

கொழிஞ்சாம்பாறை

தம்பி, வாங்குகிறவர் எடை தூக்கவே கஷ்டப்படுகிறவர். அலுமினிய ஜோடி சாதாரணமாக 450 முதல் 600 கிராம் வரை வரும். கார்பன் 350, 400 கிராமில் கிடைக்கும். ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான தடவை முன்னால் வீசுகிறோம், அந்த வித்தியாசம் தோளுக்குத் தெரியும்.

பிசியோ_புளியரை

நீங்கள் இரண்டு பேரும் எடையைப் பற்றியே பேசுகிறீர்கள். வலிக்காரருக்கு முதல் கேள்வி எடை இல்லை, உயரம். நான் பிசியோதெரபிஸ்ட், செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் இருக்கிறேன், பாலருவிக்கு வந்துவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எங்களிடம் சகஜம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கம்பு நிஜமாகவே எதைக் குறைக்கிறது என்று பார்ப்போம். 1999-ல் வந்த ஓர் ஆய்வை எல்லா விளம்பரமும் மேற்கோள் காட்டும். 25 டிகிரிச் சாய்வில் இறங்க வைத்து அளந்தார்கள், முழங்காலில் விழும் விசை இரண்டு கம்போடு 12 முதல் 25 சதவீதம் வரை குறைந்தது. நல்ல முடிவுதான். ஆனால் அதில் நடந்தவர்கள் எட்டே ஆண்கள், அதுவும் ஆய்வுக்கூடச் சரிவுப் பலகையில். 25 டிகிரி என்பது நல்ல செங்குத்து, வாகமண் புல்வெளியில் நீங்கள் அதைத் தேடித்தான் போக வேண்டும். சமதளத்தில் கதை வேறு. உள்பக்கம் தேய்ந்து கால் வில் போல வளைந்தவர்களைக் கம்போடு சமதளத்தில் நடக்க வைத்துப் பார்த்த ஆய்வும் உண்டு, முழங்காலின் உள்பக்கத்தை அழுத்தும் அந்தக் குறிப்பிட்ட சுமை குறையவில்லை. ஆகவே ‘கம்பு பிடித்தால் தேய்மானம் நிற்கும்’ என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். இறக்கத்தில் உதவும், சறுக்கினால் பிடிப்பு கொடுக்கும், மறுநாள் தொடை வலி குறையும். இந்தக் கடைசி விஷயத்துக்கு வேல்ஸில் ஸ்னோடன் மலையில் ஆட்களை ஏற்றி இறக்கிப் பார்த்த 2011 ஆய்வு இருக்கிறது, கம்பு வைத்திருந்தவர்களுக்கு அடுத்த நாட்களில் தசை வலி குறைவாக இருந்தது.

இப்போது உயரம். செருப்பு இல்லை, நடக்கப் போகும் ஷூவைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். கம்பின் நுனி பாதத்துக்குப் பக்கத்தில் தரையில் இருக்கட்டும், பிடியைப் பிடித்தால் முழங்கை 90 டிகிரியில் மடங்கியிருக்க வேண்டும். கணக்காக வேண்டுமென்றால் உங்கள் உயரத்தை 0.68-ஆல் பெருக்குங்கள். 170 செ.மீ. ஆளுக்கு 115 பக்கம் வரும், 157 செ.மீ. இருப்பவருக்கு 107. ஏறும்போது 5 செ.மீ. குறைக்கவும். இறங்கும்போது 5 முதல் 10 செ.மீ. கூட்டவும். இதைச் செய்யாமல் ஒரே நீளத்தில் ஏறி இறங்குகிறவர்கள்தான் ‘கம்பு வாங்கினேன், முதுகு வலி கூடிவிட்டது’ என்கிறார்கள். இறக்கத்தில் கம்பு குட்டையாக இருந்தால் நுனியை எட்ட இடுப்பை வளைப்பீர்கள், டிஸ்க்காரருக்கு அதுதான் ஆகாது. ஏற்றத்தில் நீளமாக இருந்தால் தோள் காதுக்குப் போய்விடும், சாயந்திரம் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஒரு ஜோடியைப் பிரித்து ஆளுக்கு ஒன்றா என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு கம்புதான் என்றால் அதை இடது கையில் பிடிக்க வேண்டும், வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில். நிறையப் பேர் வலிக்கிற பக்கமே ஊன்றுகிறார்கள், அப்படி ஊன்றினால் உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து சுமை கூடும். கம்பும் வலிக்கிற காலும் ஒன்றாக முன்னால் போக வேண்டும். இது சமதளத்துக்குப் போதும். ஆனால் உங்கள் முதுகுக்கு ஒற்றைக் கம்பு வேண்டாம், ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டே நடப்பீர்கள். இறக்கத்தில் அவருக்கும் இரண்டு தேவை. ஒரு ஜோடி விலை உயர்ந்த கார்பனைப் பங்கு போடுவதற்கு, சாதாரண அலுமினியத்தில் இரண்டு ஜோடி வாங்குங்கள். என் முழு ஆலோசனையும் அந்த ஒரு வரிதான்.

கம்பம்மெட்டு

ரொம்ப நன்றி சார், எதிர்க் கை விஷயம் சத்தியமாகத் தெரியாது. இன்னொன்று, ஸ்பிரிங்?

பிசியோ_புளியரை

ஸ்பிரிங் முதுகுக்கு ஒன்றும் செய்யாது. கெட்டித் தரையில் ஊன்றும்போது மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் போகும் அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். டென்னிஸ் எல்போ போல முழங்கை வலி இருப்பவர் யோசிக்கலாம். மற்றவர்களுக்கு அது கூடுதல் எடை, கூடுதல் விலை, கெட்டுப்போக இன்னொரு பாகம். அதைவிட, சரிவில் முழு எடையையும் ஊன்றும்போது கம்பு உள்ளே அமுங்குவதைச் சிலர் பயமாக உணர்கிறார்கள்.

மறையூர்ச்சர்க்கரை

யாருமே கையைப் பற்றிப் பேசவில்லையே? எனக்கு முடக்குவாதம், இரண்டு கை விரல்களிலும். காலைக்கு ஒரு மணி நேரம் விரல் மடங்காது. நான் இங்கே முனியறைப் பாறை, அப்புறம் சின்னாறில் தூவானம் அருவி நடை இவற்றுக்குக் கம்போடுதான் போகிறேன், அதனால் அனுபவத்தில் சொல்கிறேன், மூட்டு வலி என்று வந்தால் முழங்காலை மட்டும் பார்க்காதீர்கள்.

திருகிப் பூட்டும் வகை எனக்கு ஆகவே ஆகாது. இறுக்க வேண்டுமென்றால் நல்ல பிடி வேண்டும், கை வியர்த்தால் இன்னும் மோசம். நன்றாக இறுகாமல் விட்டால் பாதி இறக்கத்தில் உள்ளே போய்விடும். நெம்பு மாதிரி மடக்கிப் பூட்டும் வகைதான் சரி. ஆனால் அதிலும் சில கம்பெனிகளின் நெம்பு கல்லு மாதிரி இருக்கும். இணையத்தில் வாங்காமல் கடையில் போய்த் திறந்து மூடிப் பாருங்கள், அதுவும் காலையில் போங்கள், கை மோசமாக இருக்கிற நேரத்தில். அப்போது மூட முடிந்தால் எப்போதும் முடியும். நெம்புக்குப் பக்கத்தில் சின்னத் திருகாணி இருக்கும், அதை அரைச் சுற்று தளர்த்திக் கொடுக்கச் சொன்னால் இலகுவாகிவிடும், ரொம்பத் தளர்த்தினால் பிடிக்காது.

பிடியில் கார்க் எனக்குப் பிடித்தது. சின்னாறு மழை மறைவுப் பகுதி, வெயில் சுள்ளென்று அடிக்கும், ரப்பர் பிடி வியர்வையில் வழுக்கிக் கொப்புளம் போடும். ஃபோம் பிடி மெத்தென்று இருக்கும், வியர்வையையும் உறிஞ்சும், நீங்கள் துவைத்துக் காயவைக்காவிட்டால் நாறும். கார்க் நாளாக ஆகக் கைக்கு ஏற்ற மாதிரி படிந்துவிடுகிறது.

கொழிஞ்சாம்பாறை

அக்கா சொன்ன பிறகு நானும் கொஞ்சம் இறங்கி வருகிறேன். நெம்புப் பூட்டு அலுமினியம், கார்க் அல்லது ஃபோம், மூன்று துண்டு, 65-லிருந்து 135 செ.மீ. வரை நீளும் வகை. டெகத்லான் மாதிரி விளையாட்டுச் சாமான் கடைகளில் அடிப்படை மாடல்களை ஒற்றையாகவும் விற்கிறார்கள், கோயம்புத்தூர் போகும்போது கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். லெக்கி, பிளாக் டைமண்ட் மாதிரி விலை கூடின பிராண்டுகள் எல்லாம் நல்ல சாமான்தான், ஆனால் ராமக்கல்மேட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

மடக்கு வகை, அதாவது கூடாரக் கம்பி மாதிரி உள்ளே கயிறு போட்டு இசட் போல மடங்குவது, பைக்குள் அடங்கும், 40 செ.மீ. பக்கம்தான் வரும். ஆனால் அதில் பல மாடல்களில் நீளத்தை மாற்ற முடியாது, மாற்ற முடிகிற மாடல்களிலும் 15, 20 செ.மீ.தான் ஆட முடியும். பிசியோ சார் சொன்ன ஏற்ற இறக்கக் கணக்குக்கு மூன்று துண்டு வகையே வசதி.

கம்பின் மேல் ‘ஸ்டாப்’ என்று ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டி இழுக்காதீர்கள். உள்ளே கொஞ்சமாவது செருகியிருந்தால்தான் பலம்.

சித்தூர்ப்பக்கம்

நான் கேரளா பக்கம் இல்லை, திருத்தணிக்கு மேலே ஆந்திர எல்லை. எங்களுக்கு நடை என்றாலே திருமலைதான். அலிபிரி வழியாக 3,550 படி, ஸ்ரீவாரி மெட்டு வழியாக 2,388 படி. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் நடந்துதான் போவேன் என்று வேண்டுதல். படிக்கட்டில் இந்தக் கம்பு உதவுமா? வெறுங்காலோடு போவார்கள். 2023-ல் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை ஒரு சிறுமியைக் கொன்ற சம்பவத்துக்குப் பிறகு தேவஸ்தானமே பக்தர்களுக்குத் தடி கொடுத்தது, அது மிருகத்துக்கு. நான் கேட்பது முட்டிக்கு.

பிசியோ_புளியரை

படிக்கு உதவும், ரப்பர் நுனி கட்டாயம் மாட்டிக்கொள்ளுங்கள், கருங்கல் படியில் உலோக நுனி வழுக்கும், சத்தமும் போடும். ஆனால் அம்மாவுக்கு உங்களால் செய்ய முடிந்த பெரிய உதவி கம்பு இல்லை. ஏறி மட்டும் போகட்டும், இறங்குவதை பஸ்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், தொடை எரியும், ஆனால் முழங்கால் மூட்டுக்கு இறங்குவதுதான் பெரிய சுமை. மடங்கிய முட்டியில் முழு எடையையும் தொடைத் தசை பிரேக் போட்டு நிறுத்துகிறது, அந்த நேரத்தில் முட்டிச்சில்லு பின்னால் அழுந்துகிறது. வேண்டுதலும் ஏறுவதற்குத்தானே.

கூட்டமான நேரத்தில் இரண்டு கம்பு அடுத்தவர் காலில் குத்தும். படிக்கட்டில் கைப்பிடி இருக்கும் இடத்தில் ஒரு கை கைப்பிடி, மறு கையில் ஒரு கம்பு. அது போதும். இதய நோய் இருந்தால் முதலில் அவருடைய டாக்டரைக் கேட்டுவிடுங்கள், கம்பு போட்டு நடந்தால் கையும் வேலை செய்வதால் நாடித்துடிப்பு கொஞ்சம் கூடும்.

சித்தூர்ப்பக்கம்

ஏறி மட்டும் போவது என்ற யோசனை நன்றாக இருக்கிறது சார். அம்மாவிடம் நீங்கள் சொன்னதாகச் சொல்கிறேன், நான் சொன்னால் கேட்க மாட்டார்.

ஏலக்காடு

நுனி பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன், ரப்பர் நுனி மாட்டிக்கொண்டே எல்லா இடமும் போனால் என்ன? உலோக நுனி காட்டுப் பாதையைக் கொத்திக் கிளறிவிடுகிறது, மழையில் அந்தக் குழி வழியாகத் தண்ணீர் ஓடி மண் கரைகிறது. எங்கள் தோட்டத்து வரப்பில் பார்த்திருக்கிறேன்.

வட்டவடை_பூண்டு

நல்ல கேள்வி, ஆனால் இடத்தைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். தார் ரோடு, சிமெண்ட் நடைபாதை, காய்ந்த பாறை இங்கெல்லாம் ரப்பர். மூணாறு பக்கம் ராஜமலைப் பூங்காவுக்குள் நடக்க விடுகிற தார்ப் பாதை, முனியறைப் பாறை, இதெல்லாம் அந்தக் கணக்கு. ஈரப் புல், சேறு, சருகு மூடிய மண், இங்கே ரப்பர் சறுக்கிக்கொண்டே போகும், கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு அடியில் இருக்கும் கெட்டி உலோக நுனியை (டங்ஸ்டன் கார்பைடு) ஊன்ற வேண்டும். வாகமண் மொட்டைக்குன்றில் சாரல் நேரத்தில் இறங்குகிறவர்கள் ரப்பரோடு இறங்கினால் கம்பு ஒரு பக்கம் ஆள் ஒரு பக்கம்தான். பாசி பிடித்த வழவழப்பான பாறையில் இரண்டையுமே நம்பாதீர்கள், உட்கார்ந்து நகருங்கள், வெட்கமே வேண்டாம்.

நுனிக்கு மேலே சின்ன வட்டத் தட்டு கொடுப்பார்கள். அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், சேற்றில் கம்பு புதையாமல் நிறுத்துவது அதுதான். பெரிய தட்டு பனிக்கு, அது நமக்கு வேண்டாம்.

பாதை கிளறும் விஷயத்தில் ஏலக்காடு அண்ணன் சொல்வது சரிதான். பாதையின் நடுவில் ஊன்றுங்கள், ஓரத்து வரப்பை இடிக்காதீர்கள்.

அப்புறம் காட்டு வழிக்கு ஒன்று. வனத்துறை ஆளோடுதான் போவீர்கள், யானை தெரிந்தால் அவர் சொல்கிறபடி செய்யுங்கள், கம்பைத் தூக்கி ஆட்டாதீர்கள், அதனால் எதுவும் பயப்படாது. மணிக்கட்டிலிருந்து பட்டையைக் கழற்றிவிட்டு இரண்டையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் வேகமாகத் திரும்பி நடக்க வசதி. புதர் ஓரம் கம்பைத் தட்டிக்கொண்டே நடந்தால் பாம்பு அதிர்வு உணர்ந்து பெரும்பாலும் விலகிவிடும், அட்டைக்கு மட்டும் கம்பால் எதுவும் செய்ய முடியாது, அது கம்பு வழியாகவும் ஏறி வரும்.

மறையூர்ச்சர்க்கரை

பட்டை என்றதும் ஞாபகம் வந்தது. பாதிப் பேர் தப்பாகத்தான் மாட்டுகிறார்கள், மேலிருந்து கையை நுழைத்துப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வளையத்துக்குள் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்து, அப்புறம் பட்டையையும் பிடியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பட்டை மணிக்கட்டின் பின்பக்கமாக வந்து கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இறங்கும். அப்படி மாட்டினால் எடை முழுவதும் பட்டையில் தொங்கும், விரலைத் தளர்த்திக்கொண்டே நடக்கலாம். என்னை மாதிரிக் கை வலிக்காரர்களுக்கு இதுதான் உயிர். இது தெரியாமல் ‘கம்பு பிடித்தால் விரல் வீங்குகிறது’ என்று விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

பிசியோ_புளியரை

அருமையாகச் சொன்னீர்கள் அம்மா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன், வழுக்குகிற இறக்கத்தில் பட்டையிலிருந்து கையை வெளியே எடுத்துவிட வேண்டும். விழும்போது கம்பு கையோடு மாட்டியிருந்தால் கட்டை விரல் அடியில் இருக்கும் தசைநார் கிழியும். பனிச்சறுக்குக்காரர்களுக்கு அடிக்கடி வரும் காயம் இது.

கம்பம்மெட்டு

இவ்வளவு விஷயம் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. இரண்டு ஜோடி அலுமினியம், நெம்புப் பூட்டு, கார்க் கிடைத்தால் கார்க், இல்லையென்றால் ஃபோம். இது முடிவாகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். என் மச்சான் ஒருவர் ‘ஏற்றத்தில் எனக்கு ஒன்றும் தெரிவதில்லை, சமதளத்தில் நிமிர்ந்து நடந்தால்தான் இடுப்பு பிடிக்கிறது’ என்கிறார், அவருக்கும் வாங்கித் தரலாமா? எனக்கு நேர்மாறாக இருக்கிறது, குனிந்தால்தான் வலி.

பிசியோ_புளியரை

நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. ‘முதுகு வலி’ என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம், ஆனால் உள்ளே நடப்பது வேறு வேறு. உங்களுக்கு டிஸ்க், குனிந்தால் அழுத்தம் கூடுகிறது, அதனால் கம்பு உங்களை நிமிர்த்தி வைக்க வேண்டும். சமதளத்தில் கம்பின் நீளம், முழங்கை 90 டிகிரியில் மடங்கும் அளவைவிடக் குறையக் கூடாது, இறக்கத்தில் கண்டிப்பாக நீட்டுங்கள்.

உங்கள் மச்சானுக்கு முதுகெலும்புக் கால்வாய் குறுகியிருக்கலாம், நான் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வகைக்காரர்களுக்கு நிமிர்ந்து நடந்தால் கால் மரத்துக் கனக்கும், எதையாவது பிடித்துக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தால், இல்லையென்றால் உட்கார்ந்தால், உடனே சுகமாகும். சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பார்கள். அவருக்கு ஏற்றம் சுலபம், இறக்கம் கஷ்டம். கம்பைக் கொஞ்சம் குட்டையாக வைத்து லேசாக முன்சாய்ந்து நடக்கச் சொல்லிப் பாருங்கள், பலருக்கு ஒத்துவருகிறது. அதனால் உங்கள் கம்பின் அளவை அவருக்குச் சொல்லாதீர்கள். முதலில் ஒரு டாக்டரிடம் காட்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளட்டும்.

எல்லோருக்கும் பொதுவாக ஒரு எச்சரிக்கை. பாதம் தொங்குவது, ஒரு காலில் பலம் குறைந்துகொண்டே வருவது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது அல்லது வராமல் நிற்பது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் மலையும் வேண்டாம், கம்பும் வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நடை எவ்வளவு என்பதற்கு ஒரு எளிய அளவு வைத்துக்கொள்ளுங்கள். நடந்த அன்று கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தூரம் சரி. அப்போதும் கூடுதலாக வலித்தால் அடுத்த முறை தூரத்தைக் குறைக்கவும். முதல் நடையை ராமக்கல்மேட்டில் வைக்காதீர்கள், கடைசிப் பாறை ஏற்றத்தில் கையை ஊன்ற வேண்டிவரும், காற்று வேறு ஆளைத் தள்ளும். பருந்தும்பாறையில் ஆரம்பியுங்கள். அதற்கும் முன்னால் வீட்டுப் பக்கத்தில் ஏதாவது மேட்டில் கம்போடு பழகுங்கள், இடது கால் போகும்போது வலது கம்பு, வலது கால் போகும்போது இடது கம்பு. யோசித்தால் குழம்பும், கையைச் சும்மா தொங்கவிட்டுக் கம்பைத் தரையில் இழுத்துக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தால் தானாக வந்துவிடும்.

கொழிஞ்சாம்பாறை

முதுகில் மாட்டும் பையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கம்பு வாங்கிவிட்டு முதுகில் ஸ்கூல் பை மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டால் பலன் போய்விடும். இடுப்புப் பட்டை உள்ள சின்னப் பை, இரண்டு லிட்டர் தண்ணீர், குடை, அவ்வளவுதான். ஓரத்தில் கம்பு மாட்டும் வளையம் இருக்கிறதா பாருங்கள், பாறை ஏற்றத்தில் இரண்டு கையும் வேண்டும்போது உதவும்.

ஏலக்காடு

சரி, மூங்கில் கட்சி தோற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு நான் இதைச் சிபாரிசு பண்ண மாட்டேன், ஒரு கை எப்போதும் வேலையில் இருக்கும், தொலைந்தால் மனசு கேட்காது. மூங்கில் தொலைந்தால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். மழைக்காலத்தில் இந்த அலுமினியக் கம்பு துருப் பிடிக்காதா?

வட்டவடை_பூண்டு

இரும்பு மாதிரி துரு வராது அண்ணே, ஆனால் ஈரத்தோடு மடக்கி வைத்தால் உள்ளே வெள்ளையாகப் பூத்துத் துண்டுகள் ஒன்றோடொன்று இறுகிவிடும், அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. வீட்டுக்கு வந்ததும் மூன்று துண்டையும் தனித்தனியாக உருவி, துணியால் துடைத்து, நிழலில் காயவைத்துவிட்டு அப்புறம் செருகுங்கள். எண்ணெய் போடக் கூடாது, போட்டால் பூட்டு பிடிக்காமல் வழுக்கும். ஒவ்வொரு நடைக்கும் முன்னால் பூட்டை மூடிவிட்டு முழு எடையையும் ஊன்றி ஒரு அழுத்து அழுத்திப் பாருங்கள், இறங்கினால் திருகாணியை இறுக்குங்கள்.

ரப்பர் நுனி தேய்ந்து உள்ளே இருக்கும் உலோகம் எட்டிப் பார்க்கும், அதற்கு முன் மாற்றிவிடுங்கள். தனியாகக் கிடைக்கும், பழையதைக் கையோடு எடுத்துப்போய் அளவு பார்த்து வாங்குங்கள், எல்லாக் கம்புக்கும் ஒரே அளவு இல்லை. பஸ்ஸில் போகும்போதும் அதை மாட்டியே வையுங்கள், பக்கத்து சீட்டுக்காரர் தொடையில் குத்திவிட்டு என்னிடம் வராதீர்கள்.